சிறுவர் உள்ளமும் அறவுணர்வும்

பள்ளியிற் புதிதாய்ச் சேர்ந்த குழந்தை நாள்தோறும் பல கட்டளைகளைக் கேட்கின்றது. ‘வரிசையில் நில்’, ‘கேட்ட பின் பேசு’, ‘பிறரை அடிக்காதே’ என்னும் யாவும் ஆசிரியர் வாயினின்றே வருகின்றன. இவற்றுள் எது அறம், எது வகுப்பின் ஒழுங்கு எனப் பகுத்துணரும் ஆற்றல் அப்பிஞ்சு உள்ளத்திற்கு உண்டோ?

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) ஆவார். அவர் சிறுவரோடு கோலி விளையாடி, ஆட்டத்தின் விதிகளைக் குறித்து அவர்களை வினவினார். இளஞ்சிறார் அவ்விதிகளைப் பெரியோர் வகுத்த, மாற்றவொண்ணாத கட்டளைகளாகக் கருதினர். ஏறத்தாழ 10 வயதை எட்டியோரோ, ஆடுவோர் அனைவரும் உடன்பட்டால் அவற்றை மாற்றலாம் என்றனர்.

பின்னர் அவர் இரு கதைகளைக் கூறினார். உணவுண்ண அழைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கதவைத் திறந்தான். அதன் பின்னால் இருந்ததை அவன் அறியாத 15 கோப்பைகள் விழுந்து உடைந்தன. மற்றொருவன், தாய் இல்லாத வேளையில் பழப்பாகைக் கவர முயன்று, ஒரே கோப்பையை உடைத்தான். யார் செய்தது பெரிய குற்றம்? இளஞ்சிறார் பலர் உடைந்த கோப்பைகளை எண்ணினர்; மூத்த சிறுவர் செய்தவன் கருத்தை நோக்கினர். இவ்வாராய்ச்சிகளை அவர் 1932-இல் நூலாக வெளியிட்டார்.

அங்ஙனமாயின், இளங்குழந்தைக்குக் கட்டளையே அறம் என்று முடிவு செய்யலாமா? அது பொருந்தாது. அமெரிக்க அறிஞர் எலியட் டூரியலும் அவரைப் பின்பற்றியோரும் வேறு வகையில் வினவினர். அனுமதியின்றிப் பேசலாம் என்று ஆசிரியர் கூறிவிட்டால், அங்ஙனம் பேசுதல் தவறன்று எனச் சிறுவர் பெரும்பாலும் விடையிறுத்தனர். ஆயின் அடிக்கலாம் என்று ஆசிரியரே கூறினும், பிறரை அடித்தல் தவறே என்றனர்; அடிபட்டவர்க்கு நோகும் என்பதே அவர்கள் காட்டிய காரணம். மூன்று, நான்கு வயதினரிடமும் இவ்வேறுபாட்டுணர்வு அரும்பியிருத்தலை ஜூடித் ஸ்மெட்டானா 1981-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

இதனால் அறியத்தக்கது யாது? வரிசை தவறுதலையும் பிறரை வருத்துதலையும் ஒரே கோலால் அளந்து ஒறுத்தால், குழந்தை தானே உணர்ந்த வேறுபாடு மங்கிவிடும். வரிசை எதற்கு என்பதை விளக்கினால் குழந்தை அதனை விரும்பி ஏற்கும். அடிபட்டவன் முகத்தைக் காட்டினால் தன் செயலின் தீமையை உணரும். அச்சத்தால் வந்த ஒழுங்கு, காண்பார் இல்லாத இடத்தில் மறைந்துவிடும். பிறர் துன்பம் உணர்ந்து பிறந்த ஒழுக்கமோ தனிமையிலும் தளராது. தம்பி தங்கையரை வழிநடத்தும் மூத்த மாணவர் ஒவ்வொருவரும் இவ்வுண்மையை நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.