ஆலயத்திற்குள் துப்பாக்கிச் சண்டை

வேத பாடம்
வாசிக்க: 2 இராஜாக்கள் 11:13-16, 2 நாளாகமம் 24:17-22, தானியேல் 5:1-6



நம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து என்னிடம் கேட்டான்: "பாஸ்டர், கல்லும் மண்ணும் சபை இல்ல, நாமதான் சபைன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? அப்புறம் வீடியோ கேம்ல ஒரு சர்ச்சுக்குள்ள சண்டை வந்தா என்ன தப்பு? ஒரு செங்கல்லாவது உடைஞ்சதா?" நல்ல கேள்வி. வாலிபர்கள் கேள்வி கேட்கிற சபை உயிரோடிருக்கிற சபை. ஆகவே அவன் மனதில் வைத்துக் கேட்ட சம்பவத்தையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

சம்பவம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பட்டணத்தில் நடந்தது. சோனி நிறுவனம் 2006 நவம்பரில் அமெரிக்காவிலும் 2007 மார்ச்சில் ஐரோப்பாவிலும் "ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்" என்ற விளையாட்டை ப்ளேஸ்டேஷன் 3-க்காக வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 1951. இரண்டாம் உலகப்போரே நடக்காத ஒரு கற்பனை உலகம். கைமேரா என்னும் கொடிய ஜந்துக்கள் ஐரோப்பாவை விழுங்கி இங்கிலாந்துக்குள் நுழைய, ஒரு அமெரிக்கப் போர்வீரன் அவைகளைச் சுட்டு வீழ்த்துகிறான். அதில் ஒரு கட்டத்தில் சண்டை நடக்கும் இடம் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறம். ஏதோ ஒரு சர்ச் அல்ல. அந்த ஊர்க்காரன் பார்த்தவுடனே "இது நம்ம கோவில்" என்று சொல்லும்படி வரைந்திருந்தார்கள்.

2007 ஜூன் மாதம் இங்கிலாந்து திருச்சபை எதிர்ப்புக் குரல் எழுப்பியது. பேராயர் நைஜல் மெக்கலக், பேராலயத்தின் டீன் ராஜர்ஸ் கோவெந்தர் இருவரும் முன்னே நின்றார்கள். மன்னிப்புக் கேளுங்கள், விளையாட்டைத் திரும்பப் பெறுங்கள் அல்லது அந்தப் பகுதியை மாற்றுங்கள், துப்பாக்கிக் குற்றத்தை எதிர்த்து உழைக்கிறவர்களுக்கு உதவி செய்யுங்கள் என்று கேட்டார்கள். இது வெறும் கற்பனைக் கதை என்பது நிறுவனத்தின் பதில். அப்போதைய பிரதமர் டோனி பிளேர் வரைக்கும் விஷயம் பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. ஜூலையில் சோனி மன்னிப்புக் கேட்டது. ஆனால் விளையாட்டைத் திரும்பப் பெறவில்லை.

அந்தப் பேராலயத்தின் கற்களுக்கு நிஜமான வெடிகுண்டே புதிதல்ல. 1421-ல் குருமார் குழுவோடு ஸ்தாபிக்கப்பட்டு, 1847-ல் பேராலயமானது. 1940 டிசம்பரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து பெருஞ்சேதம். பழுதுபார்க்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன. 1996 ஜூனில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு மறுபடியும் சேதப்படுத்தியது. இதையெல்லாம் தாங்கி நின்ற ஆலயம், தொலைக்காட்சித் திரையில் ஓடும் ஒரு படத்திற்கா கலங்கிற்று?

அங்கேதான் டீன் சொன்ன காரியத்தைக் கவனிக்க வேண்டும். மான்செஸ்டர் வாலிபர் கும்பல்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளுகிற பட்டணம் என்று பெயர் எடுத்திருந்தது. ஊரின் பெயரோடு துப்பாக்கியைச் சேர்த்து "கன்செஸ்டர்" என்று பரியாசமாய் அழைக்கிற அளவுக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் வந்து மெழுகுவர்த்தி ஏற்றி அழுது ஜெபிக்கிற இடம் அந்தப் பேராலயம். அதே தூண்களின் நடுவே துப்பாக்கி பிடித்து ஓடுவதை ஒரு பொழுதுபோக்காக விற்றால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்? கல்லுக்கு வலிக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அங்கே முழங்கால்படியிடுகிற ஜனங்களுக்கு வலிக்கிறது என்றார்கள்.

இப்போது வேதத்திற்கு வருவோம். அத்தாலியாள் கொடுமைக்காரி, ராஜவம்சத்தையே அழிக்கத் துணிந்தவள். அவளைப் பிடித்தபோது ஆசாரியனாகிய யோய்தா என்ன கட்டளையிட்டான்? கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளே அவளைக் கொல்லக்கூடாது, வெளியே கொண்டுபோங்கள் என்றான். சாவுக்குப் பாத்திரமானவள்தான், ஆனாலும் இடம் அதுவல்ல. அதே யோய்தாவின் மகன் சகரியாவுக்கு என்ன நடந்தது, தெரியுமா? ஆலயப் பிராகாரத்திலேயே ராஜாவின் கட்டளையின்படி அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். தகப்பன் ஒரு துன்மார்க்கியின் இரத்தம்கூட விழாதபடி காத்த இடத்தில் மகனுடைய இரத்தம் விழுந்தது! இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

ஆகவே ஆலயத்தில் நடந்த கொலையை வேதம் மறைக்கவில்லை. கதையில் காட்டவே கூடாது என்று நாம் சொன்னால் வேதத்தின் பக்கங்களையே கிழிக்க வேண்டிவரும். ஆனால் வேதம் அதை எப்படிச் சொல்லுகிறது? செத்தவனுடைய பெயரைச் சொல்லி, அவன் தகப்பன் செய்த நன்மையை நினைப்பூட்டி, துக்கத்தோடே சொல்லுகிறது. விளையாட்டிலோ சுட்டு முடித்தால் அடுத்த கட்டம், அவ்வளவுதான்.

"ஒரு செங்கல்லாவது உடைஞ்சதா?" என்ற தம்பிக்கு பெல்ஷாத்சாரைக் காட்டுகிறேன். எருசலேம் ஆலயத்துப் பொன் பாத்திரங்களில் அவன் விருந்தாளிகள் திராட்சரசம் குடித்தார்கள். பாத்திரத்தில் ஒரு கீறல் விழுந்ததாக எழுதியிருக்கிறதா? இல்லையே. ஆனாலும் சுவரில் கை தோன்றி எழுதிற்று. ஒரு ஜனத்தின் ஆராதனைக்குரியதை, அந்த ஜனம் சிறைப்பட்டு அழுதுகொண்டிருந்த காலத்தில், கேளிக்கைக்கு எடுத்தானே!

நம்முடையதைத் தொட்டால் மட்டும் கோபப்படுவது நியாயமல்ல, பிரியமானவர்களே. 2002-ல் வந்த "ஹிட்மேன் 2" விளையாட்டில் சீக்கியருடைய அமிர்தசரஸ் பொற்கோவிலைப் போன்ற ஓர் இடத்தில் தலைப்பாகை கட்டியவர்களைக் கொல்லும் காட்சிகள் இருந்தன. 1984 ஜூனில் ராணுவம் பொற்கோவிலுக்குள் நுழைந்து அநேகர் மாண்டதை அந்த ஜனங்கள் மறக்கவில்லை. அவர்கள் எதிர்த்தபின் நிறுவனம் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்டது. அவர்கள் விசுவாசம் வேறு, கண்ணீர் ஒன்றுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் கதையில் வீரன் ஆலயத்தை அவமதிக்க வரவில்லை, மனுஷரைக் காக்கவே சண்டையிடுகிறான். பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டமும் கட்டடங்களைப் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. வழக்குத் தொடுப்போம் என்று சபைத் தரப்பில் பேசினார்களே தவிர வழக்கு நடக்கவில்லை. பேராலயத்தார் செய்தது வேறொன்று. விளையாட்டுத் தயாரிப்பாளருக்கென்று சில நெறிமுறைகளை எழுதி வெளியிட்டார்கள்: இவை ஜெபத்துக்கும் சமாதானத்துக்கும் உரிய இடங்கள் என்று மதியுங்கள், உட்புறத்தை அப்படியே நகலெடுக்குமுன் பொறுப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், பக்கத்து வீட்டு முற்றத்தில் கால் வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்கிறோமே, அந்த மரியாதைதான்.

நம் ஆராதனை ஹால் வாடகைக் கட்டடம், மேலே தகரக் கூரை. அதை ஒருவனும் கேமில் வரையப்போவதில்லை! ஆனாலும் வாலிபர் கூட்டத்தில் கேட்டேன்: "நாம சமீபத்துல அடக்கம் பண்ணின சகோதரியோட பெட்டியை வெச்சோமே, அந்த இடத்துல ஒருத்தன் மறைஞ்சு நின்னு சுடற மாதிரி கேம் வந்தா விளையாடுவீங்களா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேள்வி கேட்ட தம்பிதான் கடைசியில், "அந்த ஸ்டேஜை மட்டும் தாண்டிப் போயிடுவேன் பாஸ்டர்" என்றான்.

வருகிற சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டத்தில் இந்த மூன்று பகுதிகளையும் சேர்ந்து வாசிப்போம். பெற்றோரும் வாருங்கள். அதற்குமுன் உங்கள் பிள்ளை விளையாடும் கேமை அவன் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரமாவது பாருங்கள், திட்டாமல் பாருங்கள்.