வெட்டிய எலும்பு தாங்குமா?

முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து, கால் வளைந்துபோனவர்களில் வயது குறைந்தோருக்குச் செயற்கை மூட்டுக்கு முன்பே ஒரு வழி இருக்கிறது. மூட்டில் கைவைக்காமல், அதற்குச் சற்றுக் கீழே டிபியா எலும்பை வெட்டி விரித்துக் காலை நேராக்குவார்கள். உட்பக்கம் சுமந்த பாரத்தில் ஒரு பங்கு வெளிப்பக்கத்துக்கு மாறும், வலி குறையும். ஹை டிபியல் ஆஸ்டியாட்டமி என்று பெயர். "எலும்பையே வெட்டிவிட்டால் கால் எப்படி நிற்கும்?" என்ற பயத்திலேயே பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

'எலும்பை இரண்டு துண்டாக்கிவிடுவார்கள்' என்பது தவறு. உட்பக்கத்தில் தொடங்கும் வெட்டு, வெளி விளிம்புக்குச் சுமார் 1 செ.மீ. இருக்கும்போதே நின்றுவிடும். வெட்டுப்படாத அந்த எலும்புதான் கதவுக் கீலைப்போல் வேலை செய்கிறது. மெல்லிய உளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, எலும்பு வளைந்துகொடுக்க நேரம் விட்டு, மில்லிமீட்டர் கணக்கில் திறப்பார்கள். அவசரப்பட்டால் கீலில் விரிசல் விழும். ஜப்பானிய மருத்துவர் டக்கேயுச்சியும் குழுவினரும் 2012இல் இந்த விரிசல்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். டிபியாவும் அதை ஒட்டி வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பும் சேரும் மேல்மூட்டைத் தாண்டாத முதல் வகை பெரும்பாலும் தொந்தரவு தராது. அதற்குக் கீழே இறங்கும் இரண்டாம் வகைதான் கவலைக்குரியது: எலும்பு அசையும், நேராக்கிய கோணம் குலையும், சேர்வதும் தாமதமாகும். மூன்றாம் வகை மூட்டுப் பரப்புக்கே ஏறிவிடும்.

ஆபரேஷன் முடிந்ததும் நோயாளி டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, கீல் முழுதாக இருக்கிறதா என்பதைத்தான்.

'மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது' என்பது மாவுக்கட்டுக் காலத்து விதி. வெட்டை விரித்த நிலையில் பிடித்துவைக்கும் இன்றைய லாக்கிங் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை உண்டு. அது பிளேட்டுக்குள்ளேயே முறுகி இறுகும். பிளேட்டும் ஸ்க்ரூக்களும் ஒரே சட்டமாகி, பாரத்தை வெட்டுக்கு மேலிருந்து கீழே கடத்துகின்றன. சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை விழும் என்பதால் இது சின்ன வேலை இல்லை. இத்தகைய பிளேட்டை நம்பி, இரண்டே வாரத்தில் முழு எடையையும் ஊன்றவைத்த அனுபவத்தை 2009இல் டக்கேயுச்சி வெளியிட்டார். கீல் உடைந்தவருக்கு இந்த அட்டவணை பொருந்தாது.

'இடைவெளியை வேறு எலும்பால் நிரப்பாவிட்டால் சேராது' என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் ஸ்டௌப்லி குழுவினர் 2003இலேயே, நிரப்பாமல் விட்ட இடைவெளியும் சேர்வதைக் காட்டினார்கள். புது எலும்பு கீல் பக்கம் தொடங்கி உட்பக்கம் நோக்கி வளர்வது அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் தெரியும். விரிவு அதிகமானால் நிரப்புவது நல்லது. புகைபிடிப்பவருக்குச் சேருவது தாமதமாகும். ஆபரேஷனுக்கு முன்பே புகைப்பதை நிறுத்தியாக வேண்டும்.

முன்னாலிருந்து பார்க்கக் கால் நேராக இருந்தால் போதும் என்றும் நினைக்கிறார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயும் முக்கியம். டிபியாவின் மேற்பரப்பு இயல்பாகவே பின்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு மாறாதிருக்க, முன்பக்க இடைவெளி பின்பக்கத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்க வேண்டும். இரண்டையும் சமமாகத் திறந்தால் சரிவு கூடி, முன்சிலுவைத் தசைநார் இழுபடும்.

பிளேட்டை எடுத்தால் கால் மறுபடி வளைந்துவிடும் என்ற பயத்துக்கும் இடமில்லை. எலும்பு முழுதாகச் சேர்ந்தபின் பாரத்தை எலும்பே சுமக்கிறது. தோலடியில் பிளேட் உறுத்தினால், அப்போது எடுத்துவிடலாம்.