மாவடு ஜாடியும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும்

மாவடுவில் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், நாம் ஒரு சொட்டு நீர் விடாமலே இரண்டு நாளில் ஜாடியில் தண்ணீர் ஊறிவிடுகிறது, வடுவும் சுருங்குகிறது. ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது தண்ணீரை விடும். உப்பை எளிதில் விடாது. ஆகவே உப்பு மிகுந்த பக்கம் நீர் தானே போகிறது. இதுதான் சவ்வூடு பரவல். (சவ்வில் தண்ணீருக்கென்றே புரத வழிகள் உண்டு என்று கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.) ரயில்வேயில் பம்பும் குழாயுமாகக் காலம் கழித்த எனக்கு, பம்பே இல்லாத இந்த நீரோட்டம் இன்றும் வியப்புத்தான்.

பேரனுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, தெம்பு வரட்டும் என்று வீட்டில் கரைசலில் கூடுதலாகச் சர்க்கரை போட வந்தார்கள். தடுத்துவிட்டேன். குடலில் சர்க்கரையும் உப்பிலுள்ள சோடியமும் சேர்ந்தே உள்ளே போகும். பின்னாலேயே நீர் போகும். அளவு மிஞ்சினால் மாவடுக் கதைதான். உடம்பின் நீர் குடலுக்குள் இறங்கிப் பேதி அதிகமாகும்.

1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றச் சலைன் போதாமல், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டது, 4-க்கும் கீழே இறங்கியது.

மருந்துக்கடைப் பொட்டலமே நல்லது; முழுப் பொட்டலத்தையும் அதில் எழுதிய அளவு நீரில் கரையுங்கள். கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டிச் சர்க்கரை 6, உப்பு அரை. காவிரி நீரானாலும் போர்வெல் நீரானாலும் காய்ச்சி ஆற வைக்கவும். குழந்தை துவண்டுபோனாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.