ஆகஸ்டு மழையும் அயோவா வயல்களும்

அயோவா, இல்லினாய், இண்டியானா முதலிய மாநிலங்கள் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் அமைந்துள்ளன. அங்குக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மக்காச்சோளமும் சோயா அவரையும் பச்சைப் பசேலெனக் காட்சியளிக்கும். உழவர்கள் பலர் இவ்விரு பயிர்களையும் ஒரே நிலத்தில் ஆண்டு மாற்றி ஆண்டு பயிரிடுகின்றனர். சோயாவின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற சத்தாக மாற்றுகின்றன.

ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பு நடைபெறும். செப்டம்பரில் அறுவடை தொடங்கும். இங்குள்ள பெரும்பாலான வயல்கள் வானம் பார்த்த பூமியாகும். எனவே, மழை எப்போது பெய்கிறது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

மக்காச்சோளம் பெரும்பாலும் ஜூலையில் பூக்கிறது. அதன் மகரந்தச் சேர்க்கை சில நாள்களிலேயே முடிந்துவிடும். அந்நாள்களில் வறட்சியும் கடும் வெப்பமும் நிலவினால், கதிரில் மணிகள் சரியாகப் பிடிக்கா. பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும் இழந்த மணிகள் திரும்பா. சோயா அவரையோ பல வாரங்கள் தொடர்ந்து பூக்கும் இயல்புடையது. முதலில் தோன்றிய பூக்கள் உதிர்ந்தாலும், ஆகஸ்டில் நல்ல மழை பெய்தால் அடுத்து வரும் பூக்கள் காய்களாகும்.

2012ஆம் ஆண்டு ஏற்பட்ட பெரும் வறட்சி இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவில் முந்திய ஆண்டு ஏக்கருக்குச் சராசரியாக 3.7 டன் விளைந்த மக்காச்சோளம், அவ்வாண்டு 3.1 டன்னாகக் குறைந்தது. கோடையின் இறுதியில் பெய்த மழையால் சோயா ஓரளவு தப்பியது. அதன் விளைச்சல் 1.14 டன்னிலிருந்து 1.09 டன்னாக மட்டுமே குறைந்தது.

வறட்சியால் மட்டுமன்றிக் காற்றாலும் ஆபத்து நேரலாம். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் அயோவாவில் வீசிய கடும் புயற்காற்று, பல இலட்சம் ஏக்கர் பயிரைச் சாய்த்தது. அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று.

இதனால், பயிர்களின் நிலையை அமெரிக்க வேளாண்மைத் துறை உன்னிப்பாகக் கவனிக்கிறது. பயிர்க்காலத்தில் வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில், ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஐந்து தரங்களாக அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. இவ்வறிக்கையைக் கண்டு சந்தை விலை ஏறும், இறங்கும். உழவருக்கோ இருபுறமும் இக்கட்டு. எங்கும் அமோக விளைச்சல் என்றால் விலை சரிகிறது. விலை உயரும்போதோ விற்க அவரிடம் போதிய தானியம் இருப்பதில்லை.

இவ்விலை மாற்றம் அந்நாட்டோடு நின்றுவிடுவதில்லை. மலேசியக் கோழிப் பண்ணைகள் தீவனத்திற்கு இறக்குமதியாகும் மக்காச்சோளத்தையும் சோயாவையும் பெரிதும் நம்பியுள்ளன. உலகச் சந்தையில் அவற்றின் விலை உயர்ந்தால், இங்குக் கோழி வளர்ப்போரின் செலவும் உயர்கிறது. தொலைதூர வயலில் பெய்யும் மழைக்கும் நம் வீட்டுச் சமையலறைக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.