காப்புரிமையும் காலமும்

புதியதொன்றைக் கண்டவர்க்கு அரசு வழங்கும் தனியுரிமையே காப்புரிமையாகும். கண்டதை உலகறிய விளக்குதல் அவர் கடமை; குறித்த காலம் அதன் பயனைத் தாமே துய்த்தல் அவர் உரிமை.

அமெரிக்க நாட்டில் பென்னாக், செல்லர்ஸ் என்னும் இருவர், நீர் கசியாதவாறு தோற்குழாய்களைப் பொருத்தும் முறையை 1811-ஆம் ஆண்டில் கண்டனர். காப்புரிமையோ 1818-இல்தான் பெற்றனர். இடைப்பட்ட ஏழாண்டுகளில், அவர்தம் இசைவு பெற்ற ஒருவர் பிலடெல்பியா நகரில் ஏறத்தாழ 13,000 அடி நீளக் குழாயைச் செய்து விற்றார். தீயணைப்புச் சங்கத்தார் அதனை வாங்கிப் பயன்படுத்தினர். பின்னர்ப் பிறரும் அக்குழாயைச் செய்யவே, உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். 1829-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அக்காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

காரணம் யாது? அக்காலச் சட்டம் தனியுரிமைக்கு 14 ஆண்டுகளே வரம்பு வகுத்திருந்தது. பல்லாண்டுகள் விற்றுப் பொருளீட்டிப் போட்டி தோன்றியபின் உரிமை கோரலாமெனின், அவ்வரம்பு பயனற்றதாகும்; மக்களைச் சேரவேண்டிய அறிவும் காலந்தாழ்ந்தே சேரும்.

மறைவாக விற்பின் குற்றமில்லையோ? விவரத்தை வெளியிடலாகாது என்னும் உடன்பாட்டோடு விற்பினும் அது விற்பனையே என்று, அந்நீதிமன்றமே 2019-இல் உரைத்தது. ஆதலின், புதியன காண்போர் அதனை விற்கத் தொடங்குமுன்னரே காப்புரிமைக்கு விண்ணப்பித்தல் அறிவுடைமையாகும்.