ஆராய்ச்சிச் செய்தி வந்தால் மூன்று கேள்வி கேட்போம்



நாகமலை புதுக்கோட்டையில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து எல்லோரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "மேடம், கேஸ் அடுப்புல சமைச்சாலும் வயித்துப் பிள்ளைக்கு எடை கூடலைன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாம். போன்ல வந்துச்சு. அப்புறம் எதுக்கு சிலிண்டருக்குக் காசைக் கொட்டணும்? கருவேல விறகு சும்மா கிடைக்குதே!"

அவர் வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுத்த சிலிண்டர் வாங்குவதா, வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் உடனே, "போன்ல வர்றதையெல்லாம் நம்பாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு ஆய்வு உண்மையிலேயே நடந்திருக்கிறது. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே! அடுத்த கூட்டத்தில், "அன்னைக்கு நாங்க சொன்னது தப்பு" என்று ஒத்துக்கொண்டோம். ஆனால் போனில் வந்த செய்தியும் பாதிதான் சொல்லியிருந்தது. மீதிப் பாதியை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் இந்த இதழின் பாடம்.

கேள்வி 1: யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்?

அந்த ஆய்வின் பெயர் 'ஹேப்பின்'. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில், விறகு போன்றவற்றை எரித்துச் சமைத்த சுமார் 3,200 கர்ப்பிணிகளை 2018 முதல் 2020 வரை சேர்த்தார்கள். இந்தியாவில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் இது நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் இந்தியப் பகுதியை வழிநடத்தினார்.

நம் குழுவில் யாருக்கு முதல் கடன் என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம் அல்லவா? அதே மாதிரிதான் இங்கேயும். குலுக்கலில் ஒரு பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், 18 மாதத்துக்கு சிலிண்டரும் இலவசம். மறுபாதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள்.

ஏன் குலுக்கல்? சொந்தமாக கேஸ் வாங்குகிற வீட்டில் வருமானம் கொஞ்சம் கூட இருக்கும். பாலும் முட்டையும் கூடக் கிடைக்கும். அந்த வீட்டுக் குழந்தை எடை கூடப் பிறந்தால், அது அடுப்பாலா, முட்டையாலா? பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டால் இருப்பவரும் இல்லாதவரும் இரண்டு பக்கமும் கலந்துவிடுவார்கள். அப்போது அடுப்பின் பலன் மட்டும் தனியாகத் தெரியும்.

கேள்வி 2: எதை அளந்தார்கள்? எதை அளக்கவில்லை?

விறகு முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கனவே ரத்தம் குறைவு. அதிலும் இந்த வாயு பங்கு கேட்கிறது.

புகையோடு நுண்ணிய தூசியும் வருகிறது. நம் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அதனால் மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும்.

ஆய்வில் சேர்ந்த பெண்கள் ஒரு சிறு கருவியை 24 மணி நேரம் உடையோடு மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் சுவாசித்த தூசியை அது அளந்தது. விறகில் சமைத்தவர்களுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 70 மைக்ரோகிராம். கேஸில் சமைத்தவர்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

அடுத்து, பிறந்த குழந்தையின் எடையை அளந்தார்கள். கேஸ் வீட்டில் சராசரி 2,921 கிராம். விறகு வீட்டில் 2,898 கிராம். வித்தியாசம் மூணு சின்ன வெங்காயத்தின் எடைதான். இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடும். அதனால் "கேஸால் எடை கூடியது என்று சொல்ல முடியாது" என்று 2022-ல் வெளியிட்டார்கள். 2024-ல் வெளியான அடுத்த முடிவில், ஒரு வயதுக்குள் வரும் கடுமையான நிமோனியாவும் கேஸ் வீடுகளில் குறைந்ததாகத் தெரியவில்லை.

எதிர்பார்த்தது வரவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார்களே, அது நல்ல ஆய்வின் அடையாளம். ஆனால் இதை வைத்துக்கொண்டு "புகையால் கெடுதல் இல்லை" என்று சொல்லலாமா? கூடாது. காரணம் பாருங்கள்.

முதலாவது, இந்தப் பெண்களுக்கு கேஸ் வந்ததே கர்ப்பமாகி 9 வாரத்துக்குப் பிறகுதான். சிலருக்கு 20 வாரம் நெருங்கும்போது. அதுவரை புகையில்தான் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே புகை இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஆய்வு அளக்கவில்லை.

இரண்டாவது, நம் வீட்டில் கேஸ் எரிந்தாலும் பக்கத்து வீட்டு விறகுப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் உள்ளே வரும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு, ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராம். கேஸ் வீட்டுப் பெண்கள் சுவாசித்த 24 என்பதே அதைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

மூன்றாவது, இங்கே பார்த்தது குழந்தையை. சமைக்கிறவளின் உடம்பு என்ன ஆகிறது? பல ஆண்டுகள் அடுப்படிப் புகையில் இருப்பவர்களுக்கு நுரையீரல் நோய், இதய நோய், பக்கவாதம், கண்புரை வரும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டுப் புகையால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

கேள்வி 3: வேறு இடத்திலும் அதே முடிவு வந்ததா?

இதற்கு நம் மதுரையே பாடம். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி வட்டாரத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1990-ல் வெளியானது. வாராவாரம் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இந்தோனேசியா, நேபாளம், கானா நாடுகளின் ஆய்வுகளிலும் இறப்பு குறைந்தது. அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறியது. இன்றைக்கு 9 மாதத்திலிருந்து 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை நம் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து தருகிறார்களே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் இருக்கின்றன.

"சரி, பிறந்தவுடனே கொடுத்தால்?" என்று அதே குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,619 பச்சைக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2003-ல் வெளியான முடிவுப்படி ஆறு மாதத்துக்குள் இறப்பு 22 சதவீதம் குறைந்தது. பெரிய செய்திதான். ஆனால் பிறகு ஹரியானாவிலும், கானா, தான்சானியா நாடுகளிலும் சுமார் 1 லட்சம் குழந்தைகளிடம் பார்த்தபோது அந்தப் பலன் உறுதியாகவில்லை. அதனால் பிறந்த குழந்தைக்கு அதைக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

நல்ல ஆட்கள் செய்த நல்ல ஆய்வுதான். இருந்தாலும் ஒரு இடத்து முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. ஒரே ஒரு வீட்டில் விசாரித்துவிட்டுச் சம்பந்தம் பேசுவோமா? நாலு இடத்தில் விசாரிக்கிறோம் அல்லவா!

அப்ப சிலிண்டர் வாங்கணுமா, வேண்டாமா?

இதையெல்லாம் சொன்ன பிறகு அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "பிள்ளை எடைக்குன்னு இல்லாட்டியும் ஊதுறவ நெஞ்சுக்காகவாவது வாங்கத்தான் வேணும்" என்றார். அதே கூட்டத்தில் இன்னொரு உறுப்பினர், "எங்களுக்கு மாசாமாசம் முடியாது, நாங்க என்ன செய்ய?" என்று கேட்டார். எல்லோரும் கலந்து பேசியதில் வந்தவை இவை:

* கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் கேஸை அவர்கள் இருக்கும் நேரத்துச் சமையலுக்கு முதலில் ஒதுக்குவது.
* விறகடுப்பை உள்ளறையிலிருந்து தாழ்வாரத்துக்கோ வாசலுக்கோ மாற்றுவது.
* ஈர விறகைத் தவிர்த்து, நன்றாகக் காய்ந்ததை எரிப்பது. பாத்திரத்தை மூடிச் சமைப்பது.
* பிளாஸ்டிக் பையை வைத்து அடுப்பு மூட்டாமல் இருப்பது.
* அடுப்பு எரியும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது.

மாவு டப்பாவிடமும் கேளுங்கள்

"ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று சொல்லி சத்து மாவும் மூட்டுவலித் தைலமும் விற்க ஊருக்குள் ஆட்கள் வருகிறார்கள். உள்கடன் வாங்கி அதை வாங்கியவர்களும் நம்மில் உண்டு. அடுத்த முறை வந்தால் திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூன்று கேள்வியையும் கேளுங்கள். "யாரை யாரோடு ஒப்பிட்டீங்க? எதை அளந்தீங்க? வேற எங்க அதே பலன் வந்துச்சு?" பதில் இல்லை என்றால் உங்கள் பணம் குழுக் கணக்கிலேயே இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள். தெரியாவிட்டால் இனி, "படிச்சுட்டு வந்து சொல்றோம்" என்றுதான் சொல்வோம்.

குழுவில் கலந்து பேச:

1. கடந்த மாதம் உடல்நலம் பற்றி உங்களுக்கு வந்த செய்தி எது? அதில் மூன்று கேள்விக்கும் பதில் இருந்ததா?
2. நம் குழுவில் எத்தனை வீட்டில் அடுப்பு உள்ளறையில் இருக்கிறது? அதை மாற்ற என்ன செய்யலாம்?