சாட்சி சொன்னால் உள்ளே போடுவார்களா?

"சாட்சிக்குப் போனா நம்மளையே உள்ள போட்டுருவாங்க" என்று லயங்களில் பலர் பயப்படுகிறார்கள். விசயத்தைச் சரியாக விளங்கிக்கொள்வோம்.

அழைப்பாணை கிடைத்தும் கோட்டுக்குப் போகாவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கும் பிடியாணை வரலாம். ஆகவே திகதி தவறாமல் போக வேண்டும்.

ஆனால் பிடித்துவைத்து மட்டும் உண்மையை வாங்க முடியாது. யாழ்ப்பாணம் அரியாலையை அடுத்த செம்மணியில் 1996இல் மாணவி கிருஷாந்தி கொல்லப்பட்டார். தேடிப்போன தாய், தம்பி, அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் புதைகுழிகள் பற்றி வாய் திறந்தார். 1999இல் 15 எலும்புக்கூடுகள் தோண்டப்பட்டன. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேல் வெளிவந்தன. இனிச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உறவுகளைத் தேடும் குடும்பங்களே. அவர்களுக்குப் பாதுகாப்புத்தான் தேவை.

2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி சாட்சியை மிரட்டுவது குற்றம். யாராவது மிரட்டினால் மறைக்க வேண்டாம், நீதவானிடமே சொல்லுங்கள்.